தபாலில் வரும் தச்சுக் கருவிகள்: தேர்வும் சோதனையும்

ஊர் ஹார்டுவேர் கடைகள் கட்டடத் தச்சரை நம்பி நடப்பவை. நிலை, கதவு, ஜன்னல் வேலைக்கு வேண்டிய பெரிய உளி, கை ரம்பம், கீல், திருகாணி எல்லாம் அங்கே கிடைக்கும். நகைப்பெட்டியோ சிறு ஸ்டூலோ செய்ய நினைக்கும் பொழுதுபோக்குத் தச்சருக்கு வேண்டிய 6 மி.மீ. உளி, நுண்பல் ரம்பம், 6000 எண் தீட்டுக்கல் போன்றவை பெரும்பாலும் கிடைக்காது. கேட்டால் ‘வரவழைத்துத் தருகிறேன்’ என்பார் கடைக்காரர். அதே பொருளை இணையத்தில் வாங்குபவரே வரவழைத்துக்கொள்ளலாம். இதில் வசதி இருக்கிற அளவுக்குச் சிக்கலும் இருக்கிறது. கருவியைக் கையில் எடுத்து, எடை பார்த்து, விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு பணம் கொடுத்த பிறகே வருகிறது. ஆகவே பார்சலில் கருவி வாங்குகிறவர் இரண்டு வேலைகளைக் கற்றிருக்க வேண்டும். ஆர்டர் போடும் முன் விவரக்குறிப்பில் உள்ள எண்களைப் படிப்பது ஒன்று. பெட்டியைத் திறந்த அன்றே கருவியைச் சோதிப்பது மற்றொன்று.

எதைப் பார்சலில் வாங்குவது

எடை மிகுந்தவற்றைப் பக்கத்திலேயே வாங்குவது நல்லது. வார்ப்பிரும்பு வைஸ், நீளமான கிளாம்ப், பிளைவுட், மரம் இவற்றுக்குக் கூரியர் கட்டணமே விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். மரத்தை நேரில் பார்க்காமல் வாங்கவே கூடாது. வைரம் பாய்ந்த பகுதி எவ்வளவு, வெள்ளைப் பகுதி எவ்வளவு, பலகை முறுக்கியிருக்கிறதா என்பதெல்லாம் படத்தில் தெரியாது. சுத்தியல், கொட்டாப்புளி போன்றவையும் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டியவைதான். லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து உளி அடித்துத் தரும் கொல்லுப்பட்டறை பக்கத்தில் இருந்தால், அகலமான வெட்டுளிக்கு அதை விட நல்ல இடம் இல்லை.

கிளாம்ப் விஷயத்தில் ஒரு பாதி வழி உண்டு. பைப் கிளாம்பின் இரண்டு தலைகளை மட்டும் பார்சலில் வாங்கி, முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பை ஊரிலேயே வாங்கி, ஒரு முனையில் மரை போட்டுக்கொள்ளலாம். அமெரிக்க அளவில் செய்த தலைகளும் இதற்கு ஒத்துவரும். அமெரிக்க மரைக்கும் இங்குள்ள பிரிட்டிஷ் மரைக்கும் கோணம் வேறு என்றாலும், அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். நீர் கசியாமல் இருக்கத்தான் அந்தப் பொருத்தம் போதாது. மரத்தை நெரித்துப் பிடிக்கப் போதும்.

பார்சலுக்கு உகந்தவை சிறியவை, துல்லியம் வேண்டியவை, எண்ணால் சொல்லக்கூடியவை: உளி, ரம்பம், மூலைமட்டம், தீட்டுக்கல், ரவுட்டர் பிட், வட்ட ரம்ப பிளேடு, அளவுகோல்.

கைக்கருவிகளின் எண்கள்

உளியை ஆறு, எட்டு என செட்டாக வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். விலையைப் பார்த்தால் செட் லாபம் போலவும் தோன்றும். நடைமுறையில் 6, 12, 18, 25 மி.மீ. ஆகிய நான்கு அகலங்கள் பெரும்பாலான வேலையை முடித்துவிடும். செட்டின் பணத்தில் இந்த நான்கையும் ஒரு படி மேலான தரத்தில் வாங்குவதே சரி. விளம்பரத்தில் ‘குரோம் வனேடியம்’ என்று மட்டும் இருந்தால் அது எஃகின் கலவையைச் சொல்கிறது. எவ்வளவு கடினப்படுத்தினார்கள் என்பதைச் சொல்வதில்லை. பார்க்க வேண்டியது ராக்வெல் சி எண். 58 முதல் 62 வரை இருந்தால் மர உளிக்குப் போதும். அதற்குக் கீழே போனால் முனை மடங்கும். மிக மேலே போனால் முனை உதிரும். ஜப்பானிய உளிகள் பெரும்பாலும் இந்த வரம்புக்கும் மேலே கடினமாக்கப்பட்டவை. தேவதாரு போன்ற மென்மரத்தில் அவை அற்புதமாக வெட்டும். கருவேலங்கட்டையில் நெம்பினால் முனை சில்லாகப் பெயரும். தேக்கு வேறு விதமான சோதனை. அதில் சிலிக்கா இருப்பதால் எந்த எஃகையும் சீக்கிரம் மழுக்கிவிடும். தேக்கில் வேலை செய்பவருக்கு உளியின் பெயரை விட அடிக்கடி தீட்டும் வசதியே முக்கியம்.

படத்தில் கவனிக்க வேண்டியது உளியின் பக்கவாட்டு விளிம்பு. புறாவால் இணைப்பின் மூலைக்குள் போக அது மெல்லியதாக இருக்க வேண்டும். செவ்வகமாக, தடித்த பக்கங்களோடு இருப்பது துளை வெட்டவே உதவும்.

உலோக இழைப்புளிகளுக்கு எண் வைத்த முறை அமெரிக்கரான லியனார்ட் பெய்லியின் வடிவமைப்புகளோடு வந்தது. ஸ்டான்லி நிறுவனம் 1869இல் அவருடைய காப்புரிமைகளை வாங்கிய பிறகு அந்த எண்கள் உலகப் பொதுவாகிவிட்டன. இந்தியாவில் வார்க்கப்படும் இழைப்புளிகளும் இதே எண்களைத்தான் பின்பற்றுகின்றன. 4ஆம் எண் சுமார் 245 மி.மீ. நீளம், பரப்பை வழவழப்பாக்குவதற்கு. 5ஆம் எண் சுமார் 355 மி.மீ.; சொரசொரப்பான பலகையை விரைவாக இறக்குவதற்கு. 7ஆம் எண் சுமார் 560 மி.மீ.; நீண்ட விளிம்புகளை நேராக்குவதற்கு. ஒன்றே ஒன்று வாங்க முடியுமானால் 5ஆம் எண்ணை வாங்கலாம். நன்றாகத் தீட்டினால் அது 4இன் வேலையையும் செய்யும், சிறு பலகைகளில் 7இன் வேலையையும் ஓரளவு செய்யும். 4ஆம் எண்ணால் நான்கடி விளிம்பை நேராக்குவது கடினம். பலகையின் மேடுபள்ளத்தோடு அதுவும் ஏறி இறங்கும்.

பழைய இங்கிலாந்து, அமெரிக்க இழைப்புளிகள் கைமாற்றாகவும் பார்சலில் வருகின்றன. துருவும் உடைந்த கைப்பிடியும் பொருட்டல்ல. வாயின் ஓரத்தில் வெடிப்பு இருந்தால் வாங்கக் கூடாது. அடிப்பக்கத்தை நேர் மேலிருந்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். எல்லாத் திருகுகளும் இருக்கின்றனவா என்பதையும் கேட்க வேண்டும். அவற்றின் மரை பொது அளவு அல்ல என்பதால் ஹார்டுவேர் கடைத் திருகு அவற்றில் ஏறாது.

ரம்பத்தில் பல்லின் எண்ணிக்கையும் வடிவமும் இரண்டு தனி விவரங்கள். நெடுக்காக அறுக்கும் பல் உளி போல நேராகவும், குறுக்காக அறுக்கும் பல் கத்தி போலச் சாய்ந்தும் தீட்டப்பட்டிருக்கும். அங்குலத்துக்கு எத்தனை பல் என்று மட்டும் போட்டுவிட்டு எந்த வகை என்று சொல்லாத விளம்பரங்கள் ஏராளம். கழுந்து வெட்டவும் புறாவால் வெட்டவும் நெடுக்குப் பல்தான் வேண்டும். இழுக்கும்போது அறுக்கும் ஜப்பானிய ரம்பம் மெல்லிய தடம் விடும், புதிதாகக் கற்பவர் கைக்கும் எளிதில் படியும். அதன் தகடு மெல்லியது; பற்கள் மிகக் கடினமாக்கப்பட்டவை. வைரம் பாய்ந்த மரத்திலும் முடிச்சிலும் வேகமாக இழுத்தால் பல் ஒடியும். அப்படிப்பட்ட பற்களை அரத்தால் தீட்டவும் முடியாது. தகட்டையே மாற்ற வேண்டும். மாற்றுத் தகடு தனியாகக் கிடைக்கிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும்.

தீட்டும் பொருட்களுக்கு முதலிலேயே பணம் ஒதுக்க வேண்டும். கடைசியில் மிஞ்சியதை வைத்து வாங்குவதாலேயே பல வீட்டுப் பட்டறைகளில் நல்ல உளி மொட்டையாகக் கிடக்கிறது. 1000 எண் கல் ஒன்றும் 6000 எண் கல் ஒன்றும், அல்லது இரண்டும் சேர்ந்த ஒரே கல்லும் போதும். ஓரம் சில்லாகப் பெயர்ந்ததைச் சரிசெய்ய 400 எண் வைரத் தகடு ஒன்று. நீரில் பயன்படுத்தும் கல் தேய்ந்து குழியும் என்பதால் அதைச் சமப்படுத்தவும் அந்தத் தகடே உதவும். எண்ணெய்க் கல்லே போதும் என்பவர் வெளிநாட்டைத் தேட வேண்டியதில்லை. 1954இல் தொடங்கிய சென்னையின் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் சாணைப் பொருட்கள் சாதாரணக் கடைகளிலேயே கிடைக்கின்றன.

கோணம் மாறாமல் தீட்ட உதவும் கைடு ஒன்றையும் கூடவே ஆர்டர் செய்யலாம். பக்கவாட்டில் நெருக்கிப் பிடிக்கும் எக்லிப்ஸ் வகைக் கைடில் உளி 40 மி.மீ. வெளியே நீட்டினால் 25 பாகைக் கோணமும் 30 மி.மீ. நீட்டினால் 30 பாகையும் கிடைக்கும். இழைப்புளி பிளேடுக்கு அவை முறையே 50, 38 மி.மீ. மலிவான நகல்களில் இந்த அளவு கொஞ்சம் பிசகும். பிசகினாலும் கெடுதல் இல்லை. ஒவ்வொரு முறையும் அதே நீளத்தில் வைப்பதுதான் முக்கியம்.

மின்கருவிகளில் கவனிக்க வேண்டியவை

மின்கருவி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் எண் பெரும்பாலும் வாட். அது கருவி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. வீட்டு இணைப்பு அதைத் தாங்குமா என்று பார்க்க அந்த எண் பயன்படும். 1400 வாட் வட்ட ரம்பம் 230 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும், தொடங்கும் கணத்தில் அதை விட அதிகம். ஆகவே 6 ஆம்பியர் சாக்கெட்டில் இதைச் செருகக் கூடாது; 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். மாடியில் புதிதாகப் பட்டறை போடுபவர் கருவி வாங்கும் முன் எலக்ட்ரீஷியனை அழைப்பது நல்லது.

பேட்டரிக் கருவிகளில் 18 வோல்ட், 20 வோல்ட் என்று இரண்டு பெயர்கள் உலவுகின்றன. இரண்டும் ஒன்றே. உள்ளே ஐந்து செல்கள். ஒவ்வொன்றும் வழக்கமான நிலையில் 3.6 வோல்ட், முழுதாக ஏற்றியதும் ஏறக்குறைய 4 வோல்ட். முதல் கணக்கில் 18, இரண்டாம் கணக்கில் 20. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் பேட்டரி மற்றொன்றின் கருவியில் பொருந்தாது. எனவே முதல் டிரில் வாங்கும்போதே அந்த நிறுவனத்தின் ரம்பம், சாண்டர், டிரிம்மர் ஆகியவை இந்தியாவில் கிடைக்கின்றனவா, சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். மிகக் குறைந்த விலை போட்டிருந்தால், அது பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெற்றுக் கருவியின் விலையா என்று ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

ரவுட்டர், டிரிம்மர் பிட்டுகளை வாங்கும்போது தண்டின் விட்டம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். 6 மி.மீ., கால் அங்குலம், 8 மி.மீ., 12 மி.மீ., அரை அங்குலம் என ஐந்து அளவுகள் சந்தையில் கலந்து கிடக்கின்றன. கால் அங்குலம் 6.35 மி.மீ.; அந்தத் தண்டு 6 மி.மீ. காலட்டில் நுழையாது. அதனால் பணம்தான் நஷ்டம். ஆபத்து மறுபுறத்தில் இருக்கிறது. 6 மி.மீ. தண்டு கால் அங்குலக் காலட்டில் நுழைந்துவிடும், இறுக்கினால் பிடித்ததுபோலவும் தெரியும். நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை சுழலும் கருவியில் அந்தப் பிடி நழுவினால் பிட் பறந்து வரும். அரை அங்குலத்துக்கும் 12 மி.மீ.க்கும் இதே கதைதான். ‘6 மி.மீ. (கால் அங்குலம்)’ என்று இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே மேல்.

வட்ட ரம்ப பிளேடிலும் நடுத்துளையின் விட்டம், பல்லின் எண்ணிக்கை, தாங்கும் அதிகபட்சச் சுற்று மூன்றையும் இயந்திரத்தின் தகட்டோடு ஒப்பிட வேண்டும். பிளேடில் அச்சிட்ட சுற்று எண் இயந்திரத்தின் சுற்றுக்குக் குறைவாக இருந்தால் மாட்டவே கூடாது.

நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் பல் வைத்த மர பிளேடுகள் இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கின்றன. வேலைத்தலங்களில் பலர் பயன்படுத்தவும் செய்கிறார்கள். அது கையைக் கேட்கும் பொருள். கிரைண்டர் சாணைச் சக்கரத்துக்காகச் செய்யப்பட்டது. ஆழத்தைக் கட்டுப்படுத்தும் அடித்தட்டு அதில் இல்லை, பிளேடை முழுதாக மூடும் காப்பும் இல்லை. பல் மரத்தில் சிக்கினால் கருவியே துள்ளி உடம்பின் பக்கம் திரும்பும். எந்த விலைக்கும் அதை வாங்கக் கூடாது.

மின்கருவியோடு கண்ணாடி, காதடைப்பு, என்95 முகக்கவசம் மூன்றும் அதே ஆர்டரில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

வெளிநாட்டுப் பார்சல்

அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ கைக்கருவி வரவழைப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் ஏதும் இல்லை; கணக்குச் சிக்கல்தான். சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றும் சேர்ந்த தொகைக்குப் போடப்படுகிறது. அந்த வரியும் சேர்ந்த தொகையின் மீது ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. வரும். அதன் மேல் கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம். அடையாள ஆவணமும் கேட்பார்கள். இத்தனையையும் கூட்டிய பிறகு வரும் தொகையை இந்திய விலையோடு ஒப்பிட வேண்டும். பல நேரங்களில், உள்நாட்டில் இறக்குமதி செய்து விற்பவர் சொன்ன ‘அநியாய விலை’ அவ்வளவு அநியாயமாக இருக்காது.

மின்கருவியை அமெரிக்காவிலிருந்து கொண்டுவரச் சொல்லும் வழக்கம் நம்மவரிடம் நிறைய. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேரே செருகினால் மோட்டார் புகையும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைக்கலாம், ஹெர்ட்ஸை அது மாற்றாது. கார்பன் பிரஷ் உள்ள கைக்கருவிகளுக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை. டிரில் பிரஸ், பேண்ட்சா போன்றவற்றில் உள்ள இண்டக்ஷன் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், வழக்கத்தை விடச் சூடாகும். டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வழியில் லாபம் மிஞ்சுவது அரிது.

பெட்டி வந்த நாள்

பார்சல் வந்ததும் திறப்பதை வெட்டு இல்லாமல் ஒரே வீடியோவாக எடுத்து வைக்க வேண்டும். பெட்டியின் முகவரிச் சீட்டும் அதில் தெரிய வேண்டும். பல தளங்களில் திருப்பி அனுப்பும் காலம் ஒரு வாரம், பத்து நாள்தான். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மேசைக்கடியில் தள்ளிவைத்த பெட்டியில் அந்தக் காலம் ஓடிவிடும். இன்னொன்றும் கவனத்தில் இருக்க வேண்டும்: சோதித்து முடிக்கும் வரை கருவியைத் தீட்டக் கூடாது, இழைப்புளியின் அடியைத் தேய்க்கக் கூடாது. சாணைக்கல் பட்ட கருவியை யாரும் திரும்ப வாங்குவதில்லை.

மூலைமட்டத்தைச் சோதிக்க வேறு கருவி வேண்டாம். நேரான விளிம்புள்ள பலகையில் அதைச் சார்த்தி, கூர்மையான பென்சிலால் ஒரு கோடு. பிறகு மட்டத்தை மறுபக்கமாகத் திருப்பி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப் போக விலகினால், அந்த இடைவெளி உண்மையான பிழையைப் போல் இரண்டு மடங்கு. விலைக்கும் துல்லியத்துக்கும் இங்கே தொடர்பு குறைவு. மலிவான மட்டமும் தேறலாம், விலை கூடியதும் தவறலாம். அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

இழைப்புளி வார்ப்பிரும்பு, கூரியர்காரர் கைதவறிப் போட்டால் விரிசல் விடும். முதலில் வாயின் மூலைகளையும் கைப்பிடியின் அடியையும் பார்க்க வேண்டும். பிறகு அடிப்பக்கத்தில் நேர்விளிம்பு வைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முன்முனை, வாய்க்கு முன்னுள்ள பகுதி, பின்முனை மூன்றும் ஒரே சமத்தில் இருந்தால் போதும். இடையே சிறு பள்ளம் இருப்பது வேலையைக் கெடுக்காது. வாய்க்கு முன்னே பள்ளமாக இருந்தால்தான் மெல்லிய சீவல் வராது. அங்கே 0.05 மி.மீ. ஃபீலர் தகடு தாராளமாக நுழைந்தால் திருப்பி அனுப்புவது நல்லது. மலிவு விலை இழைப்புளி வாங்குபவர், அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவர அரைநாள் தேய்ப்பு வேலை உண்டு என்று எதிர்பார்த்தே வாங்க வேண்டும்.

உளியின் பின்பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று அதே நேர்விளிம்பால் பார்க்கலாம். முனையருகே லேசான குழிவு நல்லதே. புடைப்பு இருந்தால் தட்டையாக்க மணிக்கணக்கில் ஆகும்.

பெஞ்ச் கிரைண்டருக்கான சாணைச் சக்கரம் வந்தால் மாட்டும் முன் தட்டிப் பார்ப்பது கட்டாயம். சக்கரத்தின் துளையில் விரலையோ குச்சியையோ விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்ட வேண்டும். கணீரென்று ஒலித்தால் நல்ல சக்கரம். மொத்தென்று ஒலித்தால் உள்ளே விரிசல். விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதை மாட்டக் கூடாது.

சோதனையில் தேறிய கருவியின் மேலுள்ள கிரீஸை மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு, உடனே தையல் மெஷின் எண்ணெய் ஒரு பூச்சுப் பூச வேண்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் துடைத்து அப்படியே வைத்த எஃகில் சில நாளிலேயே துரு பூக்கும். பெட்டியோடு வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தை வீசாமல் கருவிப் பெட்டிக்குள் போட்டு வைக்கலாம்.

பழுதான பொருளை விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுத்தால் சட்டம் வாங்கியவர் பக்கம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளத்துக்குக் குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பவர் டெல்லியில் இருந்தாலும் வாங்கியவர் தம் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது.